அடுத்த வசந்தத்துக்கான தேதிகளை இப்போதே பேசிவிடுங்கள்

பல்கலைக்கழகங்களில் வசந்தப் பருவ நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் துறைத் தலைவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், மாணவர் மன்றத்தினருக்கும், பதிவாளர் அலுவலகத்தாருக்கும்,

வணக்கம்.

நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவியில் இல்லை. படித்து முடித்து வெளியே வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் வசந்தம் வந்துவிட்டால் வளாகத்து அறிவிப்புப் பலகைகளைத் தேடிப் போய்ப் படிக்கிற ஆள். பொதுமக்களும் வரலாம் என்று ஒரு வரி இருந்தால் போதும், எனக்குச் சம்பந்தமில்லாத துறையானாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். மொழியியல் கருத்தரங்கு, இயற்பியல் பொது உரை, மாணவர் நாடகம், வெளிநாட்டு மாணவர்களின் கலைவிழா, நுண்கலைத் துறையின் ஆண்டுக் கண்காட்சி என்று எதிலும் வெறுங்கையோடு திரும்பியதாக நினைவில்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்பது நேரம். ஒரு நிகழ்ச்சிக்கு நீங்கள் பணம் ஒதுக்குகிறீர்கள், அரங்கு ஒதுக்குகிறீர்கள், ஆட்களை ஒதுக்குகிறீர்கள். நேரத்தை மட்டும் யாரும் ஒதுக்குவதில்லை. வேறு யாருக்கும் வேண்டாத நாள் எதுவோ அது தேதியாகிறது. உரை முடிந்து மிஞ்சுகிற நிமிடங்கள் எத்தனையோ அது கேள்வி நேரமாகிறது. மாதக்கணக்காக உழைத்து ஏற்பாடு செய்த நிகழ்ச்சி இந்த இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் சரிந்துபோகிறது.

வசந்தப் பருவத்தில் ஏன் இவ்வளவு நெரிசல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பருவம் தொடங்கிய முதல் சில வாரங்கள் பாடப்பதிவிலும் மாற்றங்களிலும் போகின்றன. அடுத்து இடைத்தேர்வு. அதன்பின் ஒரு வார விடுமுறை. விடுமுறை முடிந்ததிலிருந்து இறுதித் தேர்வு வரை எஞ்சுவது சில வாரங்கள். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய தொகை, இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சி, ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்காக வெளியூரிலிருந்து வரும் பேராசிரியரின் சிறப்புரை, துறையின் ஆண்டு விழா, பட்டமளிப்புக்கு முந்தைய பிரிவுபசாரம் எல்லாம் அந்தச் சில வாரங்களுக்குள்தான் வந்து விழுகின்றன. தென் அரைக்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது, ஆண்டிறுதித் தேர்வு அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. மாதங்கள்தான் வேறு, நெருக்கடி அங்கும் இதுவேதான்.

விளைவு என்ன? ஒரே மாலையில், ஒரே மணிக்கு, பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் மூன்று நிகழ்ச்சிகள். மூன்றையும் கேட்க ஆசைப்படுகிற அதே மாணவர், அதே ஆசிரியர், அதே வெளியாள் ஒன்றைத் தேர்ந்து இரண்டை இழக்கிறார். மூன்று அரங்குகளிலும் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. காலியைப் பார்த்துப் பதறுகிற அமைப்பாளர் ஒரு வகுப்பையே வரவழைத்து வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குகிறார். கையெழுத்துக்காக வந்த பிள்ளைகள் முதல் கைத்தட்டலோடு எழுந்து போகிறார்கள். மேடையில் நிற்பவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார். நீண்ட பயணம் செய்து வந்து, பல ஆண்டு ஆய்வை ஒரு மணி நேரத்துக்குள் அடக்கத் தெரிந்த ஒருவரை இப்படி நிறுத்திவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தேதியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் பூமி நாள் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த எண்ணத்தை முன்வைத்தவர் விஸ்கான்சின் மாநிலத்து செனட்டர் கேலார்ட் நெல்சன். நாடு முழுவதும் ஒருங்கிணைத்த டெனிஸ் ஹேய்ஸுக்கு அப்போது வயது 25. ஏப்ரல் 22ஐ அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் எந்தத் தலைவரின் பிறந்தநாளும் இல்லை. வசந்த விடுமுறைக்கும் இறுதித் தேர்வுக்கும் நடுவில் மாணவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்த வாரம் அது, அதிலும் அது ஒரு புதன்கிழமை. சுமார் 2 கோடிப் பேர் அன்று கலந்துகொண்டதாகச் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செயல்படத் தொடங்கியது. கொள்கையின் வலிமை, காலத்தின் சூழல் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன, மறுக்கவில்லை. ஆனால் மாணவர் வரக்கூடிய நாள் எது என்று முதலில் உட்கார்ந்து யோசித்தார்களே, அந்த அக்கறையைத்தான் நான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

தேர்வு அட்டவணை மட்டும் பார்த்தால் போதாது. வசந்தம் பல சமயத்தாருக்கும் பல நாட்டாருக்கும் முக்கியமான பருவம். ரமலான் மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னகர்ந்து வருவதால், இந்தச் சில ஆண்டுகளில் அது பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விழுகிறது. நோன்பு திறக்கும் வேளையில் விருந்தோடு கூடிய துறைக் கூட்டத்தை வைத்தால் சில மாணவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது போலத்தான். ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். ஈரான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசிய நாட்டு மாணவர்களுக்கு மார்ச் 20 அல்லது 21இல் நவ்ரூஸ் புத்தாண்டு. இவற்றையெல்லாம் விடுமுறையாக்கச் சொல்லவில்லை. தேதி குறிப்பவரின் மேசையில் இந்த நாட்கள் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும் என்கிறேன்.

தேர்வுக்குப் பிறகு என்றொரு காலம் இருப்பதையும் நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். கேம்பிரிட்ஜில் 'மே வாரம்' என்று பெயர் பெற்ற கொண்டாட்ட வாரம் ஜூன் மாதத்தில் நடக்கிறது. முன்பு மே மாதத்தில், தேர்வுகளுக்கு முன்னால் நடந்தது. பிறகு தேர்வு முடிந்த பின் என்று தள்ளிவைத்தார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது. கண்காட்சிகளையும் நாடகங்களையும் இப்படித் தள்ளிவைக்க முடியும். வெளியூர் மாணவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. விடுதியை ஒரு வாரம் கூடுதலாகத் திறந்துவைத்தால் தீர்ந்துவிடுகிற கவலையும் அதுதான்.

இனி, அரங்குக்குள் கழியும் நேரம். எனக்கு அதிகம் வலிக்கிற இடம் இதுதான்.

மாலை 5 மணிக்கு என்று அறிவித்த உரை 5.25க்குத் தொடங்குகிறது. வரவேற்புரை, துறையின் வரலாறு, தலைமையுரை, வாழ்த்துரை, பேச்சாளரின் பட்டங்களையும் பதவிகளையும் வாசிக்கும் அறிமுகம். பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 6. அவர் 50 நிமிடம் பேசத் தயாரித்து வந்திருக்கிறார், பேசுகிறார். அதற்குள் அரங்கை அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கதவருகே வந்து நிற்கிறார். "நேரமின்மை காரணமாக இரண்டு கேள்விகள் மட்டும்" என்கிறார் ஒருங்கிணைப்பாளர். முதல் கேள்வியை மூத்த பேராசிரியர் கேட்கிறார், அது பெரும்பாலும் கேள்வியாக இல்லாமல் இன்னொரு சிறு உரையாகவே இருக்கிறது. பின்வரிசையில் ஒரு மாணவி பாதி உயர்த்திய கையை இறக்கிக்கொள்கிறார். உடனே நன்றியுரை.

பல்கலைக்கழகத்தில் நடக்கும் உரைக்கும் இணையத்தில் கிடைக்கும் உரைக்கும் உள்ள வேறுபாடே அந்தக் கைதான். தகவல் எங்கும் கிடைக்கிறது. அந்தத் தகவலை உண்டாக்கியவரிடமே முகத்துக்கு நேராக "இது எப்படி உங்களுக்குத் தெரிந்தது?" என்று கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதில்லை. அதை வெட்டிவிட்டு வரவேற்புரையைக் காப்பாற்றுவது தலைகீழான கணக்கு. கேள்விக்கு அரை மணி நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய நேரத்தில் மற்றவற்றை அமைத்துப் பாருங்கள். முதல் கேள்வி மாணவருக்கு என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துங்கள். எழுந்து நின்று பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குத் தாளில் எழுதித் தர வழி செய்யுங்கள். பேச்சாளரின் பட்டங்களை அழைப்பிதழில் அச்சிட்டாலே போதும், மேடையில் வாசிக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்கும் ஒரு மரியாதையான ஏற்பாடு உண்டு. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 'கல்விக் கால்மணி' என்றொரு மரபு இருக்கிறது. 10 மணி என்று போட்டுப் பக்கத்தில் 'சி.டி.' என்று குறித்திருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கும், 'எஸ்.டி.' என்றிருந்தால் சரியாக 10க்கு. முன்னது லத்தீனில் 'நேரத்தோடு', பின்னது 'நேரமின்றி'. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து வர மனிதருக்கு நேரம் பிடிக்கும் என்பதை அந்த மரபு ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகு அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. நம் நிகழ்ச்சிகளின் தாமதம் யாரும் அறிவிக்காத தாமதம். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கும், வீட்டில் குழந்தையை விட்டு வந்தவருக்கும், விடுதிக் கதவு மூடும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவிக்கும் அது பெரிய இழப்பு.

விடுதி நேரம் என்றதும் ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. நான் பார்த்த இரவு இல்லை, படித்து அறிந்தது. 1965 மார்ச் 24 மாலை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரைப் பற்றிய 'டீச்-இன்' என்ற திறந்த விவாதக் கூட்டம் தொடங்கி மறுநாள் காலை வரை நடந்தது. அதை ஏற்பாடு செய்த ஆசிரியர்கள் முதலில் வகுப்புகளை நிறுத்திவிட்டுப் போரைப் பற்றிப் பேசத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தபோது, வகுப்பை நிறுத்துவதற்குப் பதிலாக இரவைப் பிடித்துக்கொண்டார்கள். சுமார் 3,000 பேர் வந்தார்கள். பெண்கள் விடுதியின் இரவுக் கட்டுப்பாடு அன்று தளர்த்தப்பட்டது. உரைகளோடு நிற்காமல் சிறு குழுக்களாகப் பிரிந்து விடிய விடிய விவாதித்தார்கள். சில வாரங்களுக்குள் அந்த வடிவம் வேறு பல வளாகங்களுக்கும் பரவியது. ஆண்டுக்கு ஓர் இரவாவது நூலகத்தையும் அரங்கையும் திறந்துவைத்து, விடுதி விதியைத் தளர்த்தி, பாதுகாப்பான போக்குவரத்தும் தந்து, ஒரே ஒரு கேள்வியை முழுதாகப் பேசவிட முடியாதா? வசந்தத்தில் ஒரு வாரம் முழுக்கப் பரப்பிவைக்கும் அரைகுறை அமர்வுகளைவிட அந்த ஓர் இரவு மாணவர் மனதில் தங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, கலை நிகழ்ச்சிகள். இங்கே என் வருத்தம் கொஞ்சம் வேறு.

கல்வி நிகழ்ச்சி ஒரு பக்கம், கலை நிகழ்ச்சி ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டோம். கருத்தரங்குக்கு அறிவு, கலைவிழாவுக்குக் கொண்டாட்டம். சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை அரங்கை நிரப்ப மாணவர்களைப் பாடச் சொல்கிறார்கள். கார் வந்துவிட்டது என்று தகவல் வந்ததும் பாட்டை நடுவில் நிறுத்தச் சைகை காட்டுகிறார்கள். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் அவர்கள். பாட்டைத் தொடங்கவிட்டால் முடிக்கவும் விட வேண்டும்.

வெளிநாட்டு மாணவர் கலைவிழாவிலும் இதேபோல ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு நாட்டு மாணவர் குழுவுக்கும் ஐந்து நிமிடம். உடை, நடனம், கைத்தட்டல், அடுத்த குழு. பார்க்க அழகாக இருக்கிறது, நானும் மகிழ்ந்து கைதட்டியிருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டு அறுவடைப் பாட்டா, ஒப்பாரியா, எந்த மொழி, எத்தனை பேர் பேசுகிறார்கள், அந்த மாணவரின் பாட்டிக்குத் தெரிந்த வரிகளில் எவை அவருக்குத் தெரியாது என்று கேட்க யாருக்கும் நேரம் தரப்படுவதில்லை. அதே கட்டடத்தின் மேல்மாடியில் மொழியியல் துறை இருக்கிறது, இசைத் துறை இருக்கிறது, மானுடவியல் துறை இருக்கிறது. அவர்களுக்கு இப்படியொரு விழா நடப்பதே தெரியாது. ஆடி முடித்த மாணவரை அதே மேடையில் உட்காரவைத்து, ஓர் ஆய்வாளரோடு இருபது நிமிடம் உரையாடச் செய்தால் இரண்டு பக்கமும் வளரும். நடனமாடுபவராக மட்டுமே அறியப்பட்ட மாணவர் தம் பண்பாட்டைப் பற்றிச் சிந்திப்பவராகவும் அறியப்படுவார். ஆய்வாளருக்கும் ஏட்டில் மட்டும் படித்தது உயிரோடு எதிரே வந்து உட்காரும்.

வளாகங்களில் ஆண்டுதோறும் நடக்கும் பன்னாட்டுத் தாய்மொழி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில், வங்க மொழிக்கு உரிமை கேட்டுத் தடையை மீறித் திரண்ட மாணவர்கள் மீது காவல்துறை சுட்டது, மாணவர்கள் உயிரிழந்தார்கள். டாக்கா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து புறப்பட்ட போராட்டம் அது. அந்த நாளைத்தான் 1999 நவம்பரில் யுனெஸ்கோ பன்னாட்டுத் தாய்மொழி நாளாக அறிவித்தது. 2000 முதல் உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. மாணவர்கள் உயிர் கொடுத்த நாள். அந்த நாளைப் பல வளாகங்களில் ஒரு பதாகையும் 'வணக்கம்' என்ற சொல்லைப் பல மொழிகளில் எழுதிய பலகையும் வைத்து முடித்துவிடுகிறார்கள். தம் தாய்மொழியில் ஒரு பக்கம்கூட எழுதப் படிக்க வாய்க்காமல் பட்டம் வாங்கப்போகிற மாணவர்கள் அதே வளாகத்தில் நடமாடுகிறார்கள். அவர்களைப் பேசச் சொல்லுங்கள். அவர்கள் மொழியில் ஒரு கதை, அதற்கு ஒரு மொழிபெயர்ப்பு, அதன்பின் ஒரு விவாதம். செலவு மிகக் குறைவு.

ஆய்வு மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்ற போட்டியைத் தொடங்கியது. ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம், துறை சாராதவருக்கும் புரிய வேண்டும். 80,000 சொல் ஆய்வேட்டை வாசித்துக் காட்ட 9 மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அதை நடத்துகின்றன. நல்ல முயற்சி, ஆனால் பெரும்பாலும் நடுவர்களும் போட்டியாளரின் நண்பர்களும்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். துறை சாராதவருக்காகத் தயாரித்த பேச்சைத் துறை சாராதவர் கேட்க வேண்டாமா? எங்களை அழையுங்கள். கடைக்காரரும் ஓட்டுநரும் ஓய்வுபெற்ற செவிலியரும் வந்து கேட்கட்டும், பரிசில் ஒன்றை அவர்கள் வாக்கால் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் தனியாக ஆய்வகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் கிடந்த ஒருவருக்கு, முன்பின் தெரியாத ஒருவர் "உங்கள் ஆய்வு எனக்குப் புரிந்தது" என்று சொல்வதைவிட வேறென்ன ஊக்கம் வேண்டும்?

எங்களை உள்ளே விடுவது பற்றி. அழைப்பிதழில் கட்டட எண் மட்டும் போட்டால் வெளியாளுக்குப் புரியாது. வாசலிலிருந்து வழிகாட்டும் பலகை வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எந்தக் கதவு, காது கேளாதவருக்குச் சைகைமொழியோ எழுத்து வடிவமோ உண்டா என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டால் தருவோம் என்பது போதாது, கேட்கக் கூசுகிறவர்கள் வராமலே இருந்துவிடுகிறார்கள். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்கிறீர்கள், மகிழ்ச்சி. அந்தப் பதிவுகள் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் கிடைக்க வேண்டுமானால் நூலகத்திடம் ஒப்படையுங்கள். ஆண்டுதோறும் மாறும் மாணவர் மன்றத்தின் தனிக்கணக்கில் போட்டுவைத்தால் கடவுச்சொல்லோடு அதுவும் போய்விடும்.

பணமும் பதவி உயர்வும் இதில் கலந்திருப்பதை அறியாதவன் இல்லை நான். எத்தனை நிகழ்ச்சி நடத்தினோம் என்று ஆண்டறிக்கையில் எண்ணிக்கை கேட்கிறார்கள். தரமதிப்பீட்டுக் குழுவும் எண்ணிக்கை கேட்கிறது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்த சான்றிதழ் இல்லாமல் இளம் ஆசிரியருக்கு வேலை நிரந்தரமாவது கடினம். அதனால்தான் ஒரே நாளில் நாலு அறைகளில் இணை அமர்வுகள், ஒருவருக்குப் பத்து நிமிடம், கேட்க இருப்பவர்கள் அடுத்துப் பேசப்போகிறவர்கள் மட்டும். இந்த முறையை ஒரு துறையால் தனியாக மாற்ற முடியாது. ஆனால் அறிக்கையின் படிவத்தைத் தயாரிப்பவர்கள் உங்களுக்குள்தான் இருக்கிறார்கள். 'நடந்த நிகழ்ச்சிகள்' என்ற கட்டத்துக்குக் கீழே 'கேட்கப்பட்ட கேள்விகள்' என்று ஒரு கட்டம் சேருங்கள். என்னென்ன கேள்விகள் எழுந்தன என்று நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே கேள்விக்கு நேரம் ஒதுக்குவார்கள்.

எனவே இந்தப் பருவம் முடிவதற்குள், எல்லோரும் கோடை விடுமுறைக்குக் கலைந்து போவதற்குள், ஒரு கூட்டம் போடுங்கள். துறைகள், மாணவர் மன்றம், நூலகம், விடுதி, போக்குவரத்து, பாதுகாப்புப் பிரிவு எல்லோரும் ஒரே மேசையில். அடுத்த வசந்தத்தின் நாட்காட்டியை விரித்துவைத்து, தேர்வுகளையும் பண்டிகைகளையும் முதலில் குறியுங்கள். வாரத்துக்கு இரண்டு பெரிய நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுங்கள். இரண்டு துறைகள் ஒரே மாலையைக் கேட்டால், சேர்ந்து நடத்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். குறித்த தேதிகளை அன்றைக்கே பொதுவில் வெளியிடுங்கள்.

அந்த மேசையில் வெளியாள் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடுவதாக இருந்தால், சொல்லியனுப்புங்கள். வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அரங்குகளின் பார்வையாளர் ஒருவர்